திடலில் ஒரு மாதிரி அறை

ஆசிரியர் பயிற்சிக்காக நான் மலாக்காவுக்கு வந்தபோது கல்லூரியில் பெண்கள் தங்க விடுதி கிடையாது. நாடு சுதந்திரம் அடைந்து அதிக காலம் ஆகவில்லை. எங்கு பார்த்தாலும் புதுப் பள்ளிக்கூடம் திறந்துகொண்டிருந்தார்கள். சொல்லிக்கொடுக்கத்தான் ஆள் போதவில்லை. அவசரத்தில் எங்களைச் சேர்த்துக்கொண்டார்கள், தங்க வைப்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள் போலும்.

நான் ஜாசின் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். அப்பா பால் மரம் வெட்டுகிறவர், மரத்தைக் கீறி ரப்பர் பால் எடுக்கிற வேலை. தோட்டத்தை விட்டு வெளியே தங்குவது எனக்கு அதுதான் முதல் தடவை. காஜா பேராங்கில் ஒரு செட்டி அம்மாள் வீட்டில் இடம் பார்த்துக் கொடுத்தார்கள். கம்போங் செட்டி என்ற செட்டிக் குடியிருப்பில் ஒரு சந்து திரும்பினால் அவர் வீடு. வாசலில் மாவிலை, சுவரில் முருகன் படம், நெற்றியில் விபூதி. ஆனால் உடம்பில் சரோங்கும் கெபாயா ரவிக்கையும், வாயைத் திறந்தால் மலாய். முதல் நாள் நான் தமிழில் கேட்டதற்கெல்லாம் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். அவருக்கு ஒன்றும் புரியவில்லை என்று சாயங்காலம்தான் தெரிந்தது. நூற்றாண்டுகளுக்கு முன்பே இங்கே வந்து தமிழை மறந்துவிட்ட செட்டி வம்சம் அவருடையது. அக்கா என்ற சொல் மட்டும் எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தது. நான் அதையே வைத்துக்கொண்டேன்.

அக்கா கணவரை இழந்தவர். வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். கெபாயா தைத்துக் கொடுத்து வாழ்ந்துவந்தார். அவருடைய கூடத்தில் நாங்கள் ஐந்து பெண்கள் பாய் போட்டுப் படுத்தோம். பழைய சரோங்குகளைக் கயிற்றில் தொங்கவிட்டு ஆளுக்கு ஒரு மறைப்பு செய்திருந்தார். காலையில் நாங்கள் எழுந்ததும் அவற்றையெல்லாம் ஒதுக்கிவிட்டுத் தையல் இயந்திரத்தை நடுக்கூடத்துக்கு இழுத்துக்கொள்வார். கோயில் விசேஷம் என்றால் அன்று கூடம் முழுக்க அவருடைய சொந்தக்காரர்கள். நாங்கள் அடுப்படியில் போய்ப் படுத்துக்கொள்வோம். நெருக்கம்தான். ஆனாலும் கல்லூரியிலிருந்து திரும்பும்போது, "சுடா மக்கான்?" என்று, சாப்பிட்டாயா என்று கேட்க ஓர் ஆள் இருந்தார். முகம் தெரியாத ஊரில் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று அப்போதே எனக்குத் தெரிந்திருந்தது.

முதல் ஆண்டு முடியும் தறுவாயில் விடுதி கட்டப்போவதாகச் சொன்னார்கள். ஒரு நாள் வகுப்புக்கு ஒருவர் வந்தார். முப்பது வயதுக்குள் இருக்கும். பண்டார் ஹிலிரில் தலைமுறையாகக் கடை வைத்திருக்கிற தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை, வெளிநாட்டில் கட்டடக்கலை படித்துத் திரும்பியிருக்கிறார் என்றார்கள். விடுதியை வரைவது அவர்தான். அரைக் கைச் சட்டை, காதில் பென்சில். ஆங்கிலத்தில் எல்லோருக்கும் விளக்கிவிட்டு, வகுப்பு கலைந்ததும் எங்களில் சிலரிடம் தமிழில் பேசினார்.

"பிளான் போட்டாச்சு. ஆனா கட்டடம் ஒரு தடவ எழும்பிட்டா நாப்பது அம்பது வருஷம் நிக்கும். தப்பா கட்டினா அத்தன வருஷமும் தப்பாவே நிக்கும். அதனால ஒரே ஒரு ரூம மொதல்ல திடல்ல கட்டி, ரெண்டு பேர குடி வெச்சுப் பாத்துட்டு மத்தத கட்டுவோம்னு கேட்டிருக்கேன்."

"யாரு சார் இருக்கப் போறா?" என்றாள் ஒருத்தி.

"யாருக்குத் தைரியம் இருக்கோ அவங்க."

கல்லூரியின் வெள்ளைக்கார முதல்வர் அம்மாள் ஒரு தமிழ்ப் பெண்ணும் ஒரு மலாய்ப் பெண்ணும் இருந்தால் நல்லது என்று நினைத்தார். நான் கையைத் தூக்கினேன். தைரியம் ஒன்றும் இல்லை. எனக்கென்று ஒரு கட்டில் கிடைக்கும் என்ற ஆசைதான். அதுவரை நான் கட்டிலில் படுத்ததில்லை. என்னோடு கையைத் தூக்கிய மலாய்ப் பெண் மூவார் என்ற ஊரைச் சேர்ந்தவள். வகுப்பில் எனக்குப் பின்னால் உட்கார்ந்து ஓயாமல் சிரிப்பவள் என்பதைத் தவிர அவளைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது.

திடலின் ஓரத்தில் ஒரு ரம்புத்தான் மரத்துக்குப் பக்கத்தில் அறை எழும்பியது. சிமெண்டுத் தரை. பலகைச் சுவர். ஓலையும் இல்லாமல் தகரமும் இல்லாமல் ஓடு வேய்ந்த உயரமான கூரை. சாய்வாகப் பலகை அடுக்கிய பெரிய ஜன்னல்கள் இரண்டு பக்கமும் எதிரெதிராக. முன்னால் ஒரு வராந்தா. பின்னால் கூரைத் தண்ணீரைப் பிடிக்கும் தொட்டி. மின்விசிறி மட்டும் இல்லை. "காத்து சும்மாதான வருது, அத உள்ள விட்டாப் போதும்" என்றார் சார். சுவர்ப் பலகைகளை ஆணி அடிக்காமல் திருகாணியால் முடுக்கியிருந்தார்கள். தேவைப்பட்டால் கழற்றலாம், கழற்றிய பலகையை வேறு இடத்தில் மாட்டலாம், ஒன்றும் வீணாகாது என்று அவர் பெருமையாகச் சொன்னார்.

ஆனால் கட்டில்களை மட்டும் தரையோடு சேர்த்து முடுக்கிவிட்டிருந்தார். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில், தலைமாடு வடக்குச் சுவரில். நடுவில் ஒரு சின்ன மேசை, அதையும் சுவரோடு முடுக்கியிருந்தார். எதிரில் ஒரு பெரிய அலமாரி.

சாவியைக் கொடுக்கும்போது அவர் ஒன்று சொன்னார். "நல்லா இருக்குன்னு மட்டும் எங்கிட்ட சொல்லாதீங்க. எது தொந்தரவா இருக்கோ அத சொல்லுங்க. அதுக்குத்தான் உங்கள இங்க வெச்சிருக்கேன்."

முதல் வாரம் நாங்கள் இருவரும் நல்ல பிள்ளைகளாக இருந்தோம். அவ்வளவு அழகான அறையைக் கொடுத்தவரிடம் குறை சொல்ல வாய் வருமா? நான் தலையணையை எடுத்துக் கால்மாட்டில் போட்டுக்கொண்டு தெற்கே தலை வைத்துப் படுத்தேன். எங்கள் வீட்டில் வடக்கே தலை வைத்து யாரும் படுக்க மாட்டோம். மூவார்க்காரி என் காலும் அவள் தலையும் பக்கத்தில் இருப்பதைப் பார்த்துச் சிரித்தாள். அவளுக்கு வேறு சிக்கல். தொழுகைப் பாயை மேற்குப் பக்கமாக விரிக்க அறைக்குள் இடம் இல்லை, கட்டில் தடுத்தது. ஒவ்வொரு வேளையும் வராந்தாவுக்குப் போய்த் தொழுதாள். சாலையில் போகிறவர்கள் பார்க்கிறார்களே என்று அவளுக்குக் கூச்சம். அதையும் அவள் யாரிடமும் சொல்லவில்லை.

சனிக்கிழமை சார் வந்தார். கேட்டார். நாங்கள் "ஒண்ணுமில்ல சார், நல்லா இருக்கு" என்றோம். அவர் எங்களைப் பார்க்கவில்லை. என் தலையணையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது ஏன் இந்தப் பக்கம் இருக்கு?"

நான் தயங்கித் தயங்கிச் சொன்னேன். படித்தவர், சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் நெற்றியைத் தட்டிக்கொண்டார்.

"எங்க அம்மாவும் இதத்தான் சொல்வாங்க. பாருங்க, வரையும்போது எனக்கு ஞாபகமே வரல." பிறகு மூவார்க்காரியிடம் திரும்பி மலாயில் கேட்டார். அவளும் மெல்லச் சொன்னாள். சொல்லி முடித்ததும் அவர் வராந்தாவுக்குப் போய்ப் பாய் விரிக்கும் இடத்தைப் பார்த்தார். அங்கிருந்து சாலையைப் பார்த்தார். உள்ளே வந்தவர் தம் சட்டைக் கையை இன்னும் மேலே சுருட்டிக்கொண்டு திருப்புளி கேட்டார். தச்சர் ஊரில் இல்லை. அவரே தரையில் உட்கார்ந்து, கட்டில் கால்களின் திருகாணிகளையும் மேசையின் திருகாணிகளையும் ஒவ்வொன்றாகக் கழற்றினார். நாங்கள் விளக்கைப் பிடித்தோம்.

"இப்ப உங்க இஷ்டம். எப்படி வேணும்னாலும் போட்டுக்குங்க. ஆனா ஒண்ணு, ஒவ்வொரு சனிக்கிழமையும் நான் வருவேன். எது எங்க இருக்கோ அப்படியே சாக்பீஸால சுத்தி வரைஞ்சுக்குவேன்."

சொன்னபடியே செய்தார். கட்டில், மேசை, அலமாரி எல்லாவற்றையும் சுற்றித் தரையில் கோடு போடுவார். அடுத்த வாரம் வேறு நிறச் சாக்பீஸ். நாங்கள் அந்தக் கோடுகளின் மேலேயே நடந்தோம், பெருக்கினோம், அழியாமல் பார்த்துக்கொண்டோம்.

அடுத்த தொந்தரவு வெளியிலிருந்து வந்தது. திடலில் தனியாக ஓர் அறை, அதில் இரண்டு இளம்பெண்கள் என்பது காஜா பேராங் முழுக்கத் தெரிந்துவிட்டது. சாயங்காலமானால் பையன்கள் சைக்கிளில் வந்து சாலையோரம் நின்று பார்ப்பார்கள். மணியடிப்பார்கள். ஊரில் பேச்சும் கிளம்பியது. முதல்வர் அம்மாள் எங்களைக் கூப்பிட்டு, இதை இத்தோடு நிறுத்திவிடலாமா என்று யோசிப்பதாகச் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது. கட்டில் போய்விடுமே என்று.

அன்று அக்கா வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் தையல் இயந்திரத்தை மிதித்துக்கொண்டே கேட்டார். சொல்லி முடித்ததும் துணியை வெட்டி எடுத்து மடித்து வைத்துவிட்டு, "நான் வந்து படுக்கிறேன்" என்றார். மலாயில் அது இன்னும் சுருக்கமாக, ஏதோ கடைக்குப் போய் வருகிறேன் என்பதுபோல் இருந்தது.

"உங்க வீடு, அக்கா? மத்த பொண்ணுங்க?"

"என் தங்கச்சி பாத்துக்குவா."

அன்று சாயங்காலமே பாய், தலையணை, வெற்றிலைப் பெட்டி, பாதி தைத்த கெபாயா எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். வராந்தாவில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டு தைக்க ஆரம்பித்தார். சைக்கிள் பையன்கள் வந்தபோது பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அவர்களில் பாதிப் பேர் அவர் கண்முன்னே வளர்ந்தவர்கள். ஒருவனிடம் அவன் அம்மாவின் மூட்டுவலி எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். இன்னொருவனிடம் தைத்து முடித்த கெபாயாவைக் கொடுத்து அவன் அத்தை வீட்டில் சேர்க்கச் சொன்னார். மறுநாள் மணி அடிக்க யாரும் வரவில்லை.

முதல்வர் அம்மாளும் சம்மதித்தார். ஆனால் இருவருக்கு என்று கட்டிய அறையில் இப்போது மூன்று பேர். சனிக்கிழமை வந்த சார், அக்காவைப் பார்த்து முதலில் விழித்தார். பிறகு அவரோடு மலாயில் வெகு நேரம் பேசிக்கொண்டிருந்தார். வாசலில் மழைச் சாரல் அடிக்கிறது, வராந்தா இன்னும் கொஞ்சம் அகலமாக இருந்தால் ஆள் நனையாமல் படுக்கலாம் என்றார் அக்கா. பெண்கள் துணி காயப் போட மறைவான இடம் இல்லை என்பதையும் அவர்தான் சொன்னார். எங்களுக்கும் அது பெரிய தொந்தரவாகத்தான் இருந்தது. ஆனால் ஓர் ஆண்பிள்ளையிடம் உள்ளாடை காயப்போடுவதைப் பற்றி எப்படிச் சொல்வது? அக்கா வெற்றிலையை மென்றபடி சொல்லிவிட்டார். சார் முகம் சிவந்தாலும் கேட்டுக்கொண்டார். அடுத்த வாரம் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் பலகைத் தடுப்பும் மேலே சின்னக் கூரையும் வந்துவிட்டன. கூடவே ஒரு கட்டிலுக்கு அடியில் இன்னொரு தாழ்ந்த கட்டில், சக்கரம் வைத்து, இழுத்தால் வெளியே வருகிற மாதிரி செய்து கொண்டுவந்தார்.

"ஸ்டூடன்ட்ஸ்னா எப்பவும் ரெண்டு பேரோட நிக்காது. தங்கச்சி வரும், அம்மா வருவாங்க. நான் படிக்கும்போது என் ரூம்ல எத்தன பேரு தரையில படுத்திருக்கானுங்க. அத மறந்துட்டுல்ல வரைஞ்சேன்" என்றார்.

இப்படியெல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போதுதான் எனக்கும் மூவார்க்காரிக்கும் சண்டை வந்தது.

தேர்வு நெருங்கியது. எனக்குச் சத்தம் போட்டுப் படித்தால்தான் மனத்தில் நிற்கும். தோட்டத்துப் பள்ளியில் அப்படித்தான் பழக்கினார்கள். அவள் கண்ணால் படிப்பவள், சீக்கிரம் தூங்குபவள், விடிவதற்கு முன்னால் தொழுகைக்கு எழுபவள். நான் படிக்கும்போது அவளுக்குத் தூக்கம் கெட்டது; அவள் எழும்போது எனக்குக் கெட்டது. அறைக்கு நடுவில் ஒரே ஒரு பல்பு. கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்தோம். ஒரு நாள் அவள் சிரிக்கவில்லை; எங்களுக்குள் பேசிக்கொள்ளும் ஆங்கிலத்தில் கேட்டாள்.

"உனக்கு வெளிச்சம் வேணும், எனக்குத் தூக்கம் வேணும்லா. நான் என்ன பண்றது, நீயே சொல்லு."

"பரீட்சைக்குப் படிக்க வேணாங்கிறியா?"

"படி. ஆனா எனக்குச் சொல்லிக்கொடுக்க வேணாம்."

அதோடு பேச்சு நின்றது. மறுநாள் நான் வகுப்பிலிருந்து திரும்பியபோது அவள் பெரிய அலமாரியை இழுத்து அறைக்கு நடுவில் நிறுத்தியிருந்தாள். இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள். பல்பு என் பக்கம் வந்துவிட்டது. அவள் பக்கம் இருட்டு. தனக்கு வெளிச்சம் போனாலும் பரவாயில்லை என்ற அளவுக்குக் கோபம். அக்கா இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்தார். தலையை ஆட்டிவிட்டு, பாயை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போய்விட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பார்த்து என் அப்பா வந்தார். தோட்டத்திலிருந்து பஸ் ஏறி, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு. எங்கள் கல்லூரி, எங்கள் அறை எதையும் அவர் அதுவரை பார்த்ததில்லை. செருப்பை வெளியே விட்டுவிட்டு, வாசற்படியில் நின்று தரையில் இருந்த கோடுகளைப் பார்த்தார்.

"என்ன பாப்பா, பாண்டி ஆடுறீங்களா?"

நான் சிரித்துவிட்டு எல்லாவற்றையும் விளக்கினேன். கட்டிலைக் கழற்றியது, தொட்டிக்குப் பின்னால் தடுப்பு வந்தது, அடியில் இழுக்கிற கட்டில், ஒவ்வொரு சனிக்கிழமையும் சார் வந்து கேட்பது. அவர் கேட்டுக்கொண்டே ஜன்னல் பலகைகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

"அவரு உங்கிட்ட கேக்குறாரா? இத எங்க வைக்கலாம், அத எப்படிப் பண்ணலாம்னு?"

"ஆமாப்பா."

"நீ சொன்னா செய்யிறாரா?"

"செய்யிறாருப்பா."

அப்பா கட்டிலில் உட்காரவில்லை. தரையில் சுவரோரமாக உட்கார்ந்தார். "நான் பொறந்ததும் தோட்டத்து லயத்து வீட்டுல. உங்கம்மா உன்னப் பெத்ததும் அதே லயத்துல. அடுப்பு வாசலுக்கு நேரா இருக்கு, பொக எல்லாம் உள்ளதான் வரும். யாராச்சும் ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லியிருப்போம், அடுப்ப இந்தாண்ட மாத்துங்கன்னு. யாரும் கேக்கல. நமக்கும் கேப்பாங்கன்னு தோணல."

அவர் அதை வருத்தமாகச் சொல்லவில்லை. ஏதோ ஒரு புது விஷயத்தைக் கண்டுபிடித்தவர்போல் சொன்னார். அப்போது அலமாரியைச் சுற்றிக்கொண்டு மூவார்க்காரி வந்தாள். கையில் ஒரு கோப்பை கோப்பி. நாங்கள் பேசிக்கொள்வதில்லை என்பது அவருக்குத் தெரியக்கூடாது என்பதுபோல் என்னைப் பார்த்துப் புன்னகை செய்துவிட்டு, அப்பாவுக்கு முன்னால் உட்கார்ந்து, "பசியாறிட்டீங்களா பாக்சிக்?" என்று, மாமா என்று கூப்பிடுவதுபோல், மலாயில் கேட்டாள். அப்பாவுக்கு மலாய் நன்றாக வரும். மூவார் ஆற்று மீனைப் பற்றி இருவரும் அரை மணிநேரம் பேசினார்கள். நான் வாழைப்பழத்தை உரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

போகும்போது அப்பா என்னிடம் சொன்னார். "நல்ல பொண்ணு. ஆனா நடுவுல எதுக்கு அலமாரி? ரெண்டு குடும்பம் மாதிரி?" நான் மழுப்பினேன். அப்பாவுக்குப் புரிந்திருக்கும்.

அதன்பிறகும் உடனே பேசிவிடவில்லை. யார் முதலில் பேசுவது என்ற கர்வம்.

எங்களைப் பேச வைத்தது காற்று. மலாக்கா நீரிணைக்கு அந்தப் பக்கமிருந்து, சுமத்ராவிலிருந்து விடியற்காலையில் சில நாள் சூறைக்காற்று கிளம்பி வரும். முன்னறிவிப்பே இருக்காது. அன்றும் அப்படித்தான் வந்தது. ரம்புத்தான் மரம் முறிந்துவிடும் போல் ஆடியது. மேற்கு ஜன்னலின் பலகைகளுக்கு நடுவில் மழை அப்படியே கொட்டியது. என் பக்கம்தான் மேற்கு. புத்தகம், படுக்கை எல்லாம் நனைய ஆரம்பித்தது. நான் பலகைகளை மூடப் பார்த்தேன். மேலே உள்ளவை என் கைக்கு எட்டவில்லை. வராந்தாவிலிருந்து அக்கா நனைந்தபடி உள்ளே ஓடிவந்தார். அலமாரி அசைந்தது. அந்தப் பக்கத்திலிருந்து மூவார்க்காரி தள்ளிக்கொண்டிருந்தாள்.

"இழு, இழுலா! ஜன்னல்கிட்ட கொண்டு போ!"

நான் இழுத்தேன். அக்காவும் தோள் கொடுத்தார். மூவருமாக அலமாரியை ஜன்னலோடு ஒட்டி நிறுத்தினோம். மழை அதன் முதுகில் அடித்தது. உள்ளே தண்ணீர் நின்றுவிட்டது. என் படுக்கை நனைந்துபோனதால் அவள் தன் கட்டிலில் எனக்கு இடம் விட்டாள். குளிரில் நடுங்கிக்கொண்டே இருவரும் உட்கார்ந்திருந்தோம். அக்கா மண்ணெண்ணெய் அடுப்பில் இஞ்சி தட்டிப் போட்டுத் தேநீர் வைத்துக் கொடுத்தார்.

"சத்தமா படிக்கணும்னா வராந்தாவுல உக்காந்து படி," என்றாள் மூவார்க்காரி, கோப்பையைக் கையில் பிடித்துக்கொண்டு. "அக்காவுக்குக் கேக்கட்டும். அவங்களுக்கு ஒரு வார்த்த புரியாது. நிம்மதியா தூங்குவாங்க."

என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. அக்காவுக்கு ஏன் சிரிக்கிறோம் என்று தெரியாமலே அவரும் சிரித்தார்.

சனிக்கிழமை வந்த சார் தரையைப் பார்த்தார். மழை அவருடைய கோடுகளில் பாதியை அழித்திருந்தது. ஆனால் போன வாரம் நாங்கள் காரணம் சொல்லாதபோதும் அவர் சுற்றிப் போட்ட, அலமாரி நடுவில் நின்ற கோடு தெரிந்தது. இப்போது அலமாரி ஜன்னலோரம் நின்றது. நடந்ததை எல்லாம் சொன்னோம். சண்டையைச் சொல்ல வெட்கமாக இருந்தது, ஆனாலும் சொன்னோம். அவர் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்து கேட்டார். கடைசியில் எங்களைக் கேலி செய்யவில்லை.

"அலமாரிய சுவரா வெக்கலாம்னு எனக்குத் தோணவே இல்ல. சண்ட வந்தா சுவரு, சமாதானமானா ஓரத்துல. அப்ப சுவத்த எதுக்கு நான் கட்டணும்? அலமாரிக்கு முதுகுப் பக்கமும் பலகை போட்டு, நல்லா கனமா, ஆனா தள்ளுற மாதிரி செஞ்சுட்டாப் போதும். பல்ப ரெண்டா போடணும். ஜன்னலுக்கு மேல கூரைய இன்னும் நீட்டணும்." பேசிக்கொண்டே அவர் தரையில் வரைய ஆரம்பித்துவிட்டார். எங்களை மறந்துவிட்டார். அன்று மதியம் அக்கா பரிமாறிய சோற்றைக்கூட வராந்தாவில் நின்றுகொண்டே சாப்பிட்டார்.

பருவம் முடிந்தது. நாங்கள் தேர்வு எழுதினோம். புதுப் பிளானை அவர் முதல்வர் அறையில் விரித்துக் காட்டினார். எங்களையும் கூப்பிட்டிருந்தார். பெரிய மனிதர்களுக்கு நடுவில் நாங்கள் மூன்று பெண்கள். அக்கா தம்மிடம் இருந்த நல்ல கெபாயாவை உடுத்தி வந்திருந்தார். விடுதி மூன்று நீள வரிசை. அகலமான வராந்தா. நீண்ட ஓடு. எங்கும் முடுக்காத கட்டில்கள். அறைகளுக்கு நடுவில் இருந்த சுவர்களில் பாதி இல்லை, அவற்றின் இடத்தில் அலமாரிகள்; பெண்கள் கூடினால் இரண்டு அறையை ஒன்றாக்கலாம், குறைந்தால் பிரிக்கலாம். ஒவ்வொரு வரிசைக்கும் பின்னால் துணி உலர்த்த மறைவிடம். ரம்புத்தான் மரத்தை வெட்டுவதாக இருந்தது. இப்போது ஒரு வரிசை அதைச் சுற்றிக் கொஞ்சம் வளைந்து போனது. "வெயில் நேரத்துல அந்த நிழலாலதான ரூம் குளிர்ச்சியா இருந்துச்சு," என்றார் சார், எங்களைப் பார்த்து. நாங்கள் ஆமாம் என்று தலையாட்டினோம்.

மாதிரி அறையைத் திருகாணி கழற்றிப் பிரித்தார்கள். பலகைகள் புதுக் கட்டடத்துக்குப் போயின. ஒரு ஜன்னல் மட்டும் அளவு சேரவில்லை என்று மிஞ்சியது. சார் அதை ஆளை விட்டு காஜா பேராங்குக்கு அனுப்பி அக்காவின் அடுப்படியில் மாட்டிக் கொடுத்தார். அன்றிலிருந்து அந்த வீட்டுப் பெண்களுக்குப் புகையில்லாமல் சமைக்க முடிந்தது.

விடுதி எழும்பி முடிவதற்குள் எங்கள் பயிற்சி முடிந்துவிட்டது. நானும் மூவார்க்காரியும் அதில் ஒரு நாள்கூடக் குடியிருக்கவில்லை. அவளுக்குப் பத்து பகாட் ஊர்ப் பக்கம் வேலை கிடைத்தது. எனக்கு அலோர் காஜாவில் ஒரு தமிழ்ப்பள்ளி. சில ஆண்டுகளுக்குப் பிறகு பள்ளி விடுமுறையில் ஒரு பயிற்சிக்காகப் போனபோதுதான் அங்கே ஒரு வாரம் தங்கினேன். அந்தச் சமயம் ஒரு வரிசையில் பெண்களுக்கு அம்மை போட்டிருந்தது. மற்ற பெண்கள் அலமாரிகளை இழுத்து நிறுத்தி, கடைசி இரண்டு அறைகளைச் சேர்த்து நோயாளிகளுக்கு ஒதுக்கியிருந்தார்கள். ஒரு பெண் ஊரிலிருந்து வந்த தாயை அடிக்கட்டிலில் படுக்க வைத்திருந்தாள். நான் யார் என்று யாருக்கும் தெரியாது. நானும் சொல்லவில்லை. அலமாரி நகர்த்த ஆள் போதவில்லை என்று கூப்பிட்டார்கள், போய்த் தள்ளினேன்.

அக்காவின் வீட்டுக்கும் போனேன். அவர் கூடத்தில் அப்போதும் பெண்கள் தங்கியிருந்தார்கள். விடுதியில் இடம் கிடைக்காதவர்கள். எனக்குச் சோறு போட்டார். மூவார்க்காரிக்குக் கல்யாணம் ஆன செய்தியை அவர்தான் சொன்னார். கெபாயா தைத்து அனுப்பியதாகச் சொன்னார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு, அந்த நாட்களில் நீங்கள் வந்து படுக்கவில்லை என்றால் எங்களை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள், நான் இன்று ஆசிரியராக இருந்திருப்பேனோ என்னவோ என்று என் உடைந்த மலாயில் சொன்னேன். அவருக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது. இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினார்.

சாரை நான் மறுபடி பார்த்தது ஒரே ஒரு முறைதான். மலாக்கா பஸ் நிலையத்தில். அவர் கோலாலம்பூருக்குப் போய்விட்டார், அங்கே பல்கலைக்கழகத்தில் மாணவர் விடுதிகளை வரைகிறார் என்று கேள்விப்பட்டிருந்தேன். மனைவியோடு நின்றிருந்தார். காதில் பென்சில் இல்லை. தலைமுடி கொஞ்சம் கொட்டியிருந்தது. நான் தயங்கி நிற்பதைப் பார்த்து அவரே வந்தார்.

"நீங்க ஜாசின் இல்ல? எப்படி இருக்கீங்க?" என்றவர் மனைவி பக்கம் திரும்பினார். "நான் சொல்லுவேனே, அந்த ஹாஸ்டல். இவங்களும் இன்னொருத்தங்களும்தான் என்கூட சேர்ந்து அத வரைஞ்சவங்க."

அவர் மனைவி என்னைப் பார்த்துக் கைகூப்பினார். நான் பென்சிலைத் தொட்டதே இல்லை என்று சொல்ல நினைத்தேன். அதற்குள் அலோர் காஜா பஸ் வந்து நின்றது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகுதான் நன்றி சொல்ல மறந்துவிட்டேன் என்று உறைத்தது. எட்டிப் பார்த்துக் கையை ஆட்டினேன். அவரும் ஆட்டினார். விடுமுறையில் தோட்டத்து வீட்டுக்குப் போய் அப்பாவிடம் சொன்னபோது, சேர்ந்து வரைந்தவர்கள் என்று சார் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தை அப்பா என்னை மூன்று முறை சொல்லச் சொல்லிக் கேட்டார்.